அம்மா எனக்கு சீனியர்

அம்மா,

இன்று காலை பேருந்தில் பக்கத்து இருக்கைப் பெண் டிபன் டப்பாவைத் திறந்தாள். வாழையிலை வைத்து அடைத்த புளிச்சோற்றின் வாசனை. ஜன்னலுக்கு வெளியே நன்னிலத்து நடவு வயல்கள் ஓடிக்கொண்டிருக்க, நான் மட்டும் திருத்துறைப்பூண்டிக் கல்லூரியின் வேப்பமரத்தடியில் உன் எதிரே சாப்பிட உட்கார்ந்துவிட்டேன்.

என்னைப் பொருளாதாரத்தில் சேர்க்கத்தான் அன்று நீ அந்தக் கல்லூரிக்கு வந்தாய். பன்னிரண்டாவது முடித்த கையோடு கல்யாணமாகி, நடவுக்கும் களையெடுப்புக்கும் போய்க்கொண்டிருந்தவள். என் சான்றிதழ்களை நீட்டிவிட்டு, "ஏங்க, இந்த வயசுல நானும் சேரலாங்களா?" என்று கேட்டாய். எழுத்தர் உள்ளே போய் முதல்வரிடம் விசாரித்து வந்தார்.

"சேரலாம்மா. பொண்ணு படிக்கிற வகுப்புலயேவா?"

"ஆமாங்க. பஸ்ல பேச்சுத்துணைக்கு ஆள் வேணும்ல."

வீட்டில் அப்பா திகைத்துப் போனார். "ரெண்டு பேரும் காலேஜுக்குப் போயிட்டா சோறு யாரு ஆக்குறது?"

"நீங்கதான். வாங்க, இன்னிக்கே சொல்லித் தரேன்."

கொஞ்ச நாள் குழைந்த சோறுதான். பிறகு அப்பாவின் புளிச்சோற்றுக்கு வகுப்பே கை நீட்டியது.

ஒரு பொருளை அடுத்தடுத்து நுகரும்போது அதில் கிடைக்கும் திருப்தி குறைந்துகொண்டே போகும் என்று சார் நடத்திய நாள் நினைவிருக்கிறதா? "மூணாவது வடை முதல் வடை மாதிரி ருசிக்குமாம்மா?" என்று உன்னைத்தான் கேட்டார். "சட்னிய மாத்தி வச்சா ருசிக்கும் சார்" என்றாய். வகுப்பு அதிர்ந்தது. "சட்னி மாறக்கூடாது. மத்ததெல்லாம் மாறாம இருக்கணும், அதான் நிபந்தனை" என்று சாரும் சிரித்தார். "எங்கடி மாறாம இருக்கு?" என்று என் காதில் முணுமுணுத்தாய்.

புள்ளியியல்தான் உன்னை அழவைத்தது. ஒரு பருவம் தோற்றும் போனாய். பேருந்தில் நான் சொல்லிக் கொடுக்க, மறுபடி எழுதித் தேறினாய்.

முதுகலைக்காகப் பல்கலைக்கழக நுழைவுத் தேர்வை இருவரும் எழுதினோம். முடிவு வந்தபோது உன் பெயர் இருந்தது. என் பெயர் இல்லை. நீ அடுப்படிக்குள் போய் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றாய்.

"நான் போகல. நீ இல்லாம நான் எப்படிடி போவேன்?"

நான் உன் பின்னால் வந்து நின்றேன். "போம்மா. போய்த் துண்டு போட்டு எனக்கும் ஒரு இடம் புடிச்சு வை" என்றேன். திரும்பிப் பார்த்தாய். உனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, எனக்கும். இருவரும் சிரித்துக்கொண்டே அழுவதைப் பார்த்து அப்பா கரண்டியும் கையுமாக ஓடி வந்தார்.

அடுத்த ஆண்டு எனக்கும் இடம் கிடைத்தது. பல்கலைக்கழக வாசலில் உன் தோழிகளோடு நின்றிருந்தாய். "ஏய் ஜூனியர், சீனியருக்கு வணக்கம் வைக்க மாட்டியா?"

"வணக்கம்மா."

"இங்க அக்கா. வீட்டுக்குப் போனாத்தான் அம்மா."

படித்து முடித்து, பக்கத்து ஊர்ப் பள்ளியில் பொருளாதாரம் நடத்தினாய். போன கார்த்திகை மழையில் காய்ச்சலென்று படுத்தவள் எழுந்திருக்கவில்லை. உன்னிடம் படித்த பெண்கள் முழங்கால் தண்ணீரில் நடந்து வந்து உன்னை வழியனுப்பினார்கள்.

நான் இப்போது கல்லூரியில் பாடம் நடத்துகிறேன். சாயங்காலத்தில் கணினி நிரல் எழுதக் கற்றுக்கொள்ள ஒரு வகுப்பில் சேர்ந்திருக்கிறேன். அங்கே எல்லாரும் என் மாணவர்களின் வயதுதான். வெட்கப்பட வேண்டும் என்றே எனக்குத் தோன்றவில்லை. அந்தக் கூச்சத்தை நீ எனக்கு வைத்துவிட்டுப் போகவில்லை.

முதல் நாள் ஒரு பெண் எழுந்து நின்று, "மேடம், நீங்கதான் எங்களுக்குக் கிளாஸ் எடுக்கப் போறீங்களா?" என்று கேட்டாள்.

"இல்லம்மா. கொஞ்சம் தள்ளி உக்காரு, நானும் படிக்கத்தான் வந்திருக்கேன்" என்றேன். அதைச் சொல்லும்போது எனக்கு எவ்வளவு சந்தோஷமாக இருந்தது தெரியுமா, அம்மா!