முழுக்க முழுக்கக் கதை

செவ்வாய், இரவு.

இன்று என் கணவர் சாப்பாட்டுத் தட்டோடு டிவி முன்னால் வந்து நின்றார். நான் ஜப்பானிய அனிமே பார்த்துக்கொண்டிருந்தேன். பள்ளி விட்ட பிறகும் நான்கு மாணவிகள் வகுப்பறையில் உட்கார்ந்து, பன் ரொட்டியை எந்தப் பக்கத்திலிருந்து கடிப்பது என்று வாதாடுகிறார்கள். இருபது நிமிடமும் அவ்வளவுதான்.

“நாப்பது வயசுல கார்ட்டூனா? இதுல கதையே இல்ல லா,” என்றார்.

வழக்கமாக ரிமோட்டைக் கொடுத்துவிடுவேன். இன்று கொடுக்கவில்லை.

“எங்கட வீட்டில பேச்சைத்தான் கதை எண்டு சொல்லுவம். இதில முழுக்கக் கதைதான்,” என்றேன். கல்யாணத்துக்குப் பிறகு அவர் வீட்டு மலேசியத் தமிழுக்குப் பழகிய வாயில், என் அம்மாவின் யாழ்ப்பாணத் தமிழ் தானாக வந்தது.

அவர் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பிறை நகரத் தொழிற்சாலையிலிருந்து வேலை முடிந்து வந்தால் “சாப்பாடு ரெடியா” என்பதோடு அவர் பேச்சு முடிந்துவிடும். அந்த நான்கு பேருக்கோ வீட்டுக்குப் போகவே மனமில்லை. அவர்களுக்குப் பேச அவ்வளவு இருக்கிறது.

“நீங்க கடைசியா என்னோட எப்ப கதைச்சனீங்கள்?” என்று கேட்டேன்.

தட்டைக் கழுவப் போனார். இப்போது தூங்குகிறார். ரிமோட் என் தலையணைக்கடியில் இருக்கிறது.