தூசி வேண்டும் என்றவன்

அயோவா,
செப்டம்பர் 1916

அன்புள்ள ஹார்லன்,

நலமா என்று கேட்கப் போவதில்லை. கண்கட்டை இன்னும் அவிழ்க்கவில்லை, சூப்பைக்கூட ஒதுக்குகிறாய் என்று நர்ஸ் எழுதியிருந்தாள். இதையும் அவள்தான் படித்துக் காட்டுவாள். மெதுவாகப் படிக்கட்டும்.

கார்ப் பந்தயம் நடத்துகிற கிரெல் உன் உடைந்த காரை ஊர் ஊராக இழுத்துப் போகிறான். ஒவ்வொரு கண்காட்சித் திடலிலும் ஒரு கூடாரம். நடுவில் கார். பக்கத்தில் நான். "கறுப்பு கவுன் போட்டுக்கம்மா. புருஷன் செத்துட்டான்னாதான் கூட்டம் வரும்" என்றான். போட்டுக்கொண்டேன். உன் மருத்துவச் செலவு அவன் கையில் இருந்தது.

பெண்கள் என் கையைப் பிடித்து அழுதார்கள். நீயோ ஆஸ்பத்திரியில் மூச்சு விட்டுக்கொண்டிருந்தாய்.

தவறு உன்னுடையது என்று புலம்புகிறாயாம். இல்லை. விபத்தன்று காலை, பந்தய மண்பாதையில் தெளிக்க வந்த தண்ணீர் வண்டியைத் திருப்பி அனுப்பியவன் கிரெல்தான். "தெளிக்காதீங்கப்பா. தூசி பறந்தாதான் வேகமாத் தெரியும்." அவன் சொன்னதை என் காதாலேயே கேட்டேன். அந்தத் தூசியில்தான் வேலி உனக்குத் தெரியவில்லை.

உன்னோடு கார் ஓட்டிய நெல்ஸிடம் இதைச் சொன்னேன். அவன் மற்ற ஓட்டுநர்களிடம் சொன்னான்.

நேற்று பந்தயம். வழக்கம் உனக்குத் தெரியும். கடைசிச் சுற்றில் எல்லோரும் வேகத்தைக் குறைக்க வேண்டும். கிரெலின் 'உலக சாம்பியன்' டில்லார்ட் அரைச் சக்கரம் முந்தி ஜெயிக்க வேண்டும். நேற்று ஒருவரும் குறைக்கவில்லை. உலக சாம்பியன் கடைசியாக வந்தான். "அண்ணே, குதிரை வேணுமா?" என்று ஒருவன் கத்த, திடலே சிரித்தது. கண்காட்சிக் குழு கிரெலிடம் அடுத்த ஆண்டு வர வேண்டாம் என்று அங்கேயே சொல்லிவிட்டது.

கிரெல் ஓடி வந்தான். "ஏன்டா ஒருத்தனும் வேகத்தைக் குறைக்கல?"

நெல்ஸ் கண்ணாடியைத் துடைத்தபடி, "தூசிங்க முதலாளி. சாம்பியன் எங்க வர்றாருன்னே தெரியல" என்றான்.

நான் சிரித்தேன். கறுப்பு கவுனோடு, எல்லோரும் பார்க்க.

பிறகு வேறு உடைக்கு மாறி, அந்தக் கவுனை அவன் கூடாரக் கம்பத்தில் மாட்டிவிட்டு வந்தேன். இனி அவன் பணம் வராது. நாளை சலவைக்கடையில் சேர்கிறேன்.

மனம் ஆறவில்லை. அவன் தெருவில் நிற்க வேண்டும். அதை நீ உன் கண்ணால் பார்க்க வேண்டும்.

ஹார்லன், விதவை வேஷம் எனக்கு நன்றாகவே பொருந்தியது. அது வேஷமாகவே இருக்கட்டும். கரண்டி அருகில் வந்தால் வாயைத் திற.

உன் மனைவி,
லொவீனா