பதினோரு ‘சரி’

மார்ச் 31, திங்கள்

நடந்த அநியாயம் இது: பதினோரு பைலட்டுகள் போனில் ‘சரி’ என்றார்கள். கம்பெனி அதைச் ‘சம்மதம்’ என்று எழுதிக்கொண்டது. மற்ற எல்லாத் தொல்லையும் இதிலிருந்துதான்.

இன்று பங்குனி வெயில். மாடி அறையில் ஃபேன் சுற்றினாலும் அனல்.

விவரம், பின்னால் எனக்கே மறந்துவிடும் என்பதால். சரக்கு விமானக் கம்பெனி. சென்னைத் தளத்தை மூடுகிறார்கள். மே முடிவதற்குள் எல்லாரும் வெளிநாட்டுத் தளத்துக்கு. எட்டுப் பேர் ஷார்ஜா. மூன்று பேர் பெல்ஜியத்தில் லியேஜ் என்று ஓர் ஊர், வாயில் நுழையவில்லை. என் மகன் குமரன் (இனி கு.) அந்த மூன்றில் ஒருவன். கம்பெனியே ஆளை ஊர் மாற்றினால் குடும்பத்துக்கு வீடு, பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம், சாமான் ஏற்றும் செலவு எல்லாம் கம்பெனியுடையது. வேலை ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஆள் தானாக விரும்பிப் போனால் ஒரு டிக்கெட், இரண்டு வாரம் ஓட்டல் ரூம். அவ்வளவுதான். பதினோரு பேரும் விரும்பிப் போகிறார்களாம்.

பைலட்டுகளுக்குச் சங்கம் கிடையாது. மீனம்பாக்கம் சரக்குக் கொட்டகையில் மூட்டை தூக்கி, அங்கேயே சங்கச் செயலாளராக இருந்து ரிடையர் ஆன என்னைப் பேசச் சொல்லிவிட்டார்கள். கு. கொடுத்த யோசனை. என் படிப்பு எட்டாவது. ஆங்கிலம் டிக்‌ஷனரி வைத்துப் படித்தது. ‘வாலன்டரி’ என்றால் ‘விரும்பி’ என்று தெரியும்.

என் மனைவி பாக்கியம் கீழேயிருந்து: “ரிடையர் ஆனவங்கல்லாம் கோயிலுக்குப் போறாங்க. இவருக்கு மட்டும் இன்னும் சண்டை ஆசை வுடல.”

முழங்கால் வலி. பிரஷர் மாத்திரை தீர்ந்தது.

ஏப்ரல் 1, செவ்வாய்

கரண்ட் இரண்டு முறை போய் வந்தது. மாத்திரை வாங்கவில்லை.

கம்பெனி ஆளுடன் முதல் பேச்சு, கம்ப்யூட்டரில். பெயர் ராகவ் (ரா.). துபாயில் உட்கார்ந்திருக்கிறான். தமிழ்ப் பையன். பைலட்டுகளுக்குப் போன் போட்டதும் இவனேதான். அதுதான் எனக்கு ஆறவில்லை. வெள்ளைக்காரன் ‘சரி’யைத் தப்பாகப் புரிந்துகொண்டால் மன்னிக்கலாம்.

“வணக்கம் அங்கிள், சாப்டீங்களா?”

“சாப்பாடு அப்புறம். அங்கிள் வேணாம்பா. பதினோரு பேரும் கையெழுத்துப் போட்டு அனுப்புன பிரதிநிதி நான்.”

“சரி அங்கிள்.”

“இப்போ சரின்னியே, அது சம்மதமா?”

சிரித்தான். கடைசிவரை அங்கிள்தான்.

கேட்டவை:
– ‘விரும்பி’ என்ற வார்த்தையை எல்லா ஃபைலிலும் அடிக்க வேண்டும்.
– குடும்ப வீடு. ஓட்டல் ரூம் இல்லை.
– பள்ளிச் செலவு, பிள்ளை படித்து முடிக்கும்வரை.
– சாமான்.

சாமானுக்கு அவன் சொன்ன பதில்: இடம் ஒதுக்க முடியாது, ஆளுக்கு இரண்டு பெட்டி. சரக்கு விமானம் வைத்திருக்கிறவன் பைலட் வீட்டுக் கட்டிலை ஏற்ற இடமில்லை என்கிறான். நாற்பது டன் ஆரஞ்சுப் பழம் போகும், ஒரு கட்டில் போகாது. மினிட்ஸில், அதாவது பேச்சுக் குறிப்பில், ஏற்றச் சொன்னேன்.

பாக்கியம் கேட்கச் சொன்னது: கிரைண்டர் போகுமா? கேட்க மறந்தேன். கோபம்.

ரா. கடைசியில் சொன்னது: “எல்லாருடைய காலும் ரெக்கார்டு ஆயிருக்கு அங்கிள். எல்லாரும் ஓகே சொல்லியிருக்காங்க.” அனுப்பு என்றேன். தயங்கினான். எழுத்தில் கேட்டேன்.

ஏப்ரல் 2, புதன்

வெயில் குறையவில்லை. பதிவுகள் வந்தன. பதினொன்று.

இயர்போனை மாட்டிக்கொடுத்தது தேவிகா (தே.), மருமகள். கம்ப்யூட்டரும் அவளுடையதுதான். பட்டு சொசைட்டியில் சேலைக்குக் கரையும் முந்தியும் கம்ப்யூட்டரில் வரைகிற வேலை. தை மாதத்திலிருந்து அந்தப் பிரிவுக்கே பொறுப்பு. ஒரு முனை என் காதில், ஒரு முனை அவள் காதில்.

பதினோரு பேச்சிலும் பேசுவது ரா. மட்டும். எதிர்ப்பக்கம், “ம்ம். சரி. சரி சார். சரி.” இவன் நிறுத்தாமல் பேசுகிறான். நடுவில் சரி சொல்லாவிட்டால் “லைன்ல இருக்கீங்களா?” என்கிறான். இருக்கிறேன் என்பதற்குத்தானே சரி.

முசரவாக்கம் அசோக்குடையதைக் கேட்டுத் தே.க்குச் சிரிப்பு அடங்கவில்லை. உடனே அசோக்குக்குப் போன் போட்டேன். சின்னப் பையன், துணை பைலட்.

“இன்னாப்பா, அஞ்சு தரம் சரின்னு சொல்லிக்கினு இருக்குற?”

“அதுல ரெண்டு எங்க அப்பாக்கு சொன்னது சார். மாட்ட அவுத்துக் கட்டச் சொன்னாரு. நான் வயல்ல நின்னுக்கினு இருந்தேன், ஒண்ணுமே கேக்கல.”

“மீதி மூணு?”

“எப்போ போன வெப்பாருன்னு பாத்தேன் சார்.”

உண்மை. பதிவில் மாடு கத்துவதும் கேட்கிறது.

தே. ஒவ்வொன்றையும் தரம் பிரித்துக்கொடுத்தாள். நான் எழுதிக்கொண்டேன்.
– “சரி” என்று சின்னதாக, உடனே: காது இங்கேதான் இருக்கிறது.
– “சரி சரி”: போதும், புரிந்தது, நிறுத்து.
– “சரி சார்” என்று கொஞ்சம் பொறுத்து, சத்தம் இறங்கி: இஷ்டமில்லை, உங்களிடம் சொல்லிப் பயனில்லை.
– சம்மதச் சரிக்குப் பின்னால் கேள்வி வரும். “சரி, எப்போ போகணும்?” “சரி, எங்க தங்கறது?” பதினொன்றிலும் அப்படி ஒன்றுகூட இல்லை.

“இவ்ளோ எப்படிம்மா கண்டுபிடிக்கிற?”

“காதுல விழுறது தானே மாமா.”

கெட்டிக்காரப் பெண். எதிராளியை மடக்க இதைவிட என்ன வேண்டும்.

ஏப்ரல் 4, வெள்ளி

நேற்று எழுதவில்லை. உடம்பு முடியவில்லை. தலைசுற்றல். மாத்திரை பாக்கியம் வாங்கிவந்தாள், திட்டிக்கொண்டே.

இன்று இரண்டாவது பேச்சு. தெருவில் சாமி ஊர்வலம், மேளச் சத்தம். ரா. “அங்க என்ன விசேஷம் அங்கிள்?” என்றான். உன் சொந்த ஊர் எது என்று கேட்டேன். பேச்சை மாற்றினான்.

அசோக் பதிவைப் போட்டுக் காட்டினேன். மாடு கத்தும் இடத்தில் ரா.வே சிரித்துவிட்டான். மேலே கேட்டுச் சொல்கிறேன் என்று போனான். சாயந்திரம் திரும்ப வந்தான். வந்தது இது:

‘விரும்பி’யை அடிக்கிறார்கள். ஜெயித்தோம். அதற்குப் பதில் இரண்டில் ஒன்று, பதினோரு பேருக்கும் ஒரே மாதிரி. ஒன்று: குடும்பத்தோடு போவது. வீடு, பள்ளி, சாமான் உண்டு. போகிற குடும்பங்களின் எண்ணிக்கையைத் திங்கட்கிழமை எழுத்தில் தர வேண்டும். இரண்டு: ‘கம்யூட்டிங்’. பைலட் மட்டும் மூன்று வாரம் அங்கே, ஒரு வாரம் சொந்த ஊரில். போக வர டிக்கெட் அவர்களுடையது.

எனக்கு வந்த கோபம். குடும்பத்தைப் பிரித்துவைக்கிறதுக்குப் பேர் சலுகையா? மூன்று வாரம் அப்பன் முகம் பார்க்காத பிள்ளை, ஒரு வாரம் விருந்தாளி மாதிரி வந்துபோகிற புருஷன். வீட்டு வாடகை மிச்சம் என்று அவன் கணக்கு. அந்தப் பேச்சையே எடுக்காதே என்றேன். மினிட்ஸில் ஏற்றாதே என்றேன்.

“பதினோரு குடும்பமும் போகுமா அங்கிள்? எல்லா வீட்லயும் கேட்டுட்டீங்களா?”

“எல்லாரும் சரின்னு சொல்லியாச்சு.”

“சரி அங்கிள்.”

ரசம் சாதம். சீக்கிரம் படுக்கை. ஜெயித்த நாளில் இவ்வளவு அலுப்பு ஏன் என்று தெரியவில்லை. வயசு.

ஏப்ரல் 5, சனி

காலையில் மேகம், மழை இல்லை.

திருவிழாக் கூட்டம். ராஜ வீதிப் பக்கம் போகவே முடியவில்லை. பாங்க் வேலை நின்றது. டீக்கடையில் ஒருவர் இன்னொருவரிடம்: “பையன் ஏரோப்ளேன் ஓட்றான்னு சொல்லிக்கினு திரிஞ்சாரு. இப்போ மொத்தக் குடும்பமும் எழுந்து போவுதாம்.” நான் பின்னாலேயே நின்றிருந்தேன். திரும்பிப் பார்த்து, “வாங்கண்ணே, டீ சாப்பிடுங்க” என்றார். சாப்பிட்டேன். சர்க்கரை அதிகம்.

பேத்தி நிலா, அங்கே பனி கொட்டுமா என்கிறாள். கொட்டும் என்றேன். அப்புறம், “அம்மா அங்க என்ன வேலை பாப்பாங்க தாத்தா?” என்றாள். அம்மாவுக்கு அங்கே வேலை எதற்கு, அப்பா இருக்கிறானே என்றேன். குழந்தை ஓடிவிட்டது.

தே. மதியம் சொசைட்டியிலிருந்து சீக்கிரம் வந்தாள். அவள் வரைந்த புதுக் கரையில் முதல் சேலை தறியிலிருந்து இறங்கியிருக்கிறது. போனில் போட்டோ காட்டினாள். கத்தரிப்பூ நிற உடல், கடுகு நிறக் கரை, கரையில் சின்னச் சின்னதாகப் புறா. நன்றாக இருக்கிறது என்றேன். நிஜமாகவே நன்றாக இருந்தது. அடுத்தது ஆடிக்கு என்றாள். ஆடிக்கு நாம் எல்லாரும் லியேஜில் அல்லவா என்று நான் சிரித்தேன்.

“சரி மாமா” என்று போனை உள்ளே வைத்தாள்.

கிரைண்டர் விஷயம் இன்னும் கேட்கவில்லை.

ஏப்ரல் 6, ஞாயிறு

புழுக்கம். எண்ணிக்கைக் கடிதம் இன்று தயாராக வேண்டும். கண் தெரியவில்லை, தே. டைப் அடித்தாள். நான் சொல்லச் சொல்ல.

“கீழ்க்கண்ட பதினோரு குடும்பங்களும் இடம்பெயரச் சம்மதிக்கின்றன.”

விரல் நின்றது.

“பதினொண்ணா மாமா?”

“ஆமா, பதினொண்ணு.”

கொஞ்சம் பொறுத்து, சத்தம் இறங்கி, “சரி மாமா.”

டைப் அடித்தாள்.

புதன் முழுக்க அந்தச் சத்தத்தைத்தான் பதினோரு குரலில் கேட்டேன். இவளே தரம் பிரித்துக் கொடுத்தது. மூன்றாவது வகை.

தலை வலிக்குது, அப்புறம் பார்க்கலாம் என்று கீழே இறங்கினேன். பாக்கியம் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

“தேவிகா பெல்ஜியம் வராளா?”

“என்னை இன்னாத்துக்குக் கேக்குறீங்க? எங்கிட்டயும் ‘சரி அத்தே’ன்னுதான் சொல்றா.”

“உனக்கு இன்னா தோணுது?”

“தோணி இன்னா ஆவப்போவுது? பொறுப்பு குடுத்து மூணு மாசம்கூட ஆவல. அந்தப் புறாவை எத்தினி நாளா வரைஞ்சிக்கினு இருந்தா தெரியுமா? ஊருக்கெல்லாம் நியாயம் பேசுறீங்க, எதிர்ல நிக்கிற பொண்ண ஒரு வார்த்த கேட்டீங்களா?”

கு.வுக்குப் போன். அபுதாபியில் சரக்கு ஏற்றுவதற்குக் காத்திருந்தான்.

“தேவிகா வரேன்னு உங்கிட்ட சொன்னாளாடா?”

“சொன்னாப்பா. சரின்னுதான் சொன்னா.”

“அப்புறம் ஏதாவது கேட்டாளா? எப்போ, எங்க, இன்னா வீடுன்னு?”

“இல்லப்பா.”

“நீ கேட்டியா?”

“நீங்க கேட்டிருப்பீங்கன்னு நெனச்சேன்.”

நான் கு. கேட்டிருப்பான் என்று நினைத்தேன். பாக்கியம் நாங்கள் இருவரும் கேட்டிருப்போம் என்று நினைத்திருக்கிறாள். மற்ற பத்து வீட்டிலும் பைலட்டிடம்தான் பேசினேன். வீட்டில் இருப்பவர்களிடம் இல்லை.

வெள்ளிக்கிழமை ரா.விடம் நான் சொன்ன பதில் மேலே இருக்கிறது. திருப்பிப் பார்க்கவில்லை. என்ன எழுதியிருக்கிறேன் என்று தெரியும்.

கம்பெனி செய்தது அநியாயம்தான். அதில் மாற்றமில்லை. ‘விரும்பி’ அடிபட்டே ஆக வேண்டும். ஆனால் கம்யூட்டிங்கை மேசையிலிருந்து தள்ளிவிட்டது கம்பெனி இல்லை.

செய்ய வேண்டியவை:

– பதினோரு குடும்பம் என்ற கடிதத்தை அழிப்பது. நான். தே. கையால் வேண்டாம்.
– ரா.விடம் இன்னும் ஒரு வாரம் அவகாசம். நான், நாளை, எழுத்தில். தர மாட்டேன் என்றால் அசோக் பதிவை அவன் மேலதிகாரிக்கு அனுப்புவது. மாட்டோடு.
– கம்யூட்டிங்கைத் திரும்பக் கொண்டுவருவது. நான். அதற்குப் பதில் அவன் அங்கிள் என்று கூப்பிட்டுக்கொள்ளட்டும்.
– இரண்டில் ஒன்று பதினோரு பேருக்கும் என்பதை ஒப்புக்கொள்ளக் கூடாது. ஒவ்வொரு வீடும் தனக்கு எது என்று சொல்லும். இதில் விட்டுக்கொடுப்பு இல்லை.
– மற்ற ஒன்பது வீடுகளிலும் மனைவியிடமே பேசுவது. பாக்கியம். நான் பேசினால் சரி என்று வைத்துவிடுவார்கள். அவள் பேசினால் திட்டாவது வெளியே வரும்.
– அசோக்குக்குக் கல்யாணம் ஆகவில்லை. அவன் அப்பா அம்மாவிடம் பேசுவது அசோக். வயலில் நின்றபடி இல்லை.
– சாமான், கட்டில், கிரைண்டர். கு.
– கு. இன்று ராத்திரியே தே.க்குப் போன் போட வேண்டாம். அவளை அவசரப்படுத்தக் கூடாது. அவனுக்கு இதைச் சொல்வது பாக்கியம்.
– தே.யைக் கேட்பது. நான். காலையில், சொசைட்டிக்குக் கிளம்பும் முன். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்வது. ‘சரி மாமா’ என்று சொன்னால், பதில் இன்னும் வரவில்லை என்று எழுதுவது.