கலங்கரை விளக்கம் தெரிந்ததாக நான் எழுதிய பதிவேடு

அனுப்புநர்:
மு. நடராஜா,
சின்னக் கிராணி (ஆபீஸ் எழுத்தர்),
வெள்ளையாறு தோட்டம்,
கோலசிலாங்கூர்.

பெறுநர்:
திரு. சிவானந்தம் அவர்கள்,
வட்டாரச் சுற்றுச்சூழல் அதிகாரி,
கிள்ளான்.

பொருள்: எனது பொய்க் குறிப்புகளைத் தள்ளிவிட்டு, துணைக்கோள் படங்களை ஏற்று, தோட்டத்தில் மரம் எரிப்பதை நிறுத்தக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. ஆபீஸ் கடிதங்களை மலாய்மொழியில் எழுதிப் பழகியவன் நான். அதில் எழுதினால் பசப்பிவிடுவேன் என்பதால் இதைத் தமிழில் எழுதுகிறேன்.

2. சென்ற ஜூலையில் தாங்கள் தோட்டத்துக்கு வந்து, காற்றின் தெளிவைக் குறிக்கும் பதிவேட்டை என்னிடம் ஒப்படைத்தீர்கள். தினமும் காலை ஏழுக்கும் பிற்பகல் இரண்டரைக்கும் ஆபீஸ் வராந்தாவில் நின்று, மலாவாத்தி குன்றின் கலங்கரை விளக்கம் தெரிகிறதா என்று பார்த்து எழுத வேண்டும். இரண்டரை மணி வாக்கில் வானிலைத் துணைக்கோள் நமக்கு மேலே போகும், அது எடுக்கும் படத்தோடு என் குறிப்பை ஒத்துப் பார்ப்போம் என்று விளக்கினீர்கள். நானும் தலையாட்டினேன்.

3. ஐயா, பிற்பகலில் நான் ஒரு நாளும் பார்க்கவில்லை. காலையில் தொழிலாளர்கள் கூடும் பெரட்டில் ஆள்கணக்கு எழுதிய கையோடு இரண்டு கட்டத்திலும் ‘தெரிகிறது’ என்று எழுதிவிடுவேன். முதலில் அது சோம்பல். மறுநடவுக்காகச் சாய்த்த ரப்பர் மரங்களை எரிக்கத் தொடங்கிய பின் அது பொய். மதிய வெயில் ஏறிய பிறகுதான் தீ வைப்பார்கள். அப்போது கலங்கரை விளக்கம் இருக்கட்டும், எதிரே உள்ள தொழிலாளர் லயமே தெரியாது. தோட்ட நிர்வாகியான துரை என்னை அப்படி எழுதச் சொல்லவில்லை. பெரிய கிராணி வேலை காலியாக இருந்தது. அதைத் தரவேண்டிய துரையின் மனம் கோணக்கூடாதென்று நானே எழுதினேன்.

4. ஜனவரியில் லயத்தில் வசிக்கும் கங்கா என்பவர் இருபத்து மூன்று பேரிடம் கையெழுத்து வாங்கி, புகைபற்றித் தங்களுக்கு மனு அனுப்பினார். தங்கள் பதில் மலாய்மொழியில் வந்தது. தோட்டத்தில் யாருக்குக் கடிதம் வந்தாலும் படித்துச் சொல்பவன் நான்தான். மூன்று நாள் படங்களில் வெண்மையாக ஏதோ தெரிகிறது, ஆனால் தோட்டப் பதிவேடு தெளிவு என்று காட்டுவதால் அது மேகமாகவே கொள்ளப்படுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கங்கா கைக்குழந்தையோடு எதிரில் நின்றார். நடவடிக்கை இல்லையாம் என்று கடைசி வரியை மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன்.

5. அந்தக் குழந்தைக்கு எட்டு மாதம். பிப்ரவரி 26ஆம் தேதி எரித்த புகையில் மூச்சு இழுத்து, ஐந்து நாள் ஆஸ்பத்திரியில் கிடந்தது. இப்போது வீட்டுக்கு வந்துவிட்டது. லயத்துப் பக்கம் தலைநிமிர்ந்து நடக்க எனக்கு வெட்கமாக இருக்கிறது. வரும் 14ஆம் தேதி ஒன்பதாம் நம்பர் ரப்பர்க் காட்டில் சாய்த்த மரங்களை எரிக்கப் போகிறார்கள். அது லயத்திலிருந்து கூப்பிடு தூரம். அங்கே முப்பத்தோரு வீடுகள் இருக்கின்றன.

6. ஆகவே அந்த மூன்று படங்களையும் மறுபடி எடுத்துப் பார்த்து, 14ஆம் தேதிக்கு முன் எரிப்பை நிறுத்த உத்தரவிடுமாறு மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன். பதிவேட்டை வேறொருவரிடம் கொடுங்கள். என்மேல் எடுக்கும் எந்த நடவடிக்கைக்கும் கட்டுப்படுகிறேன்.

7. இம்மனுவில் லயத்தார் கையெழுத்து ஏன் இல்லை என்று தாங்கள் கேட்கலாம். நேற்று கங்காவிடம் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டு, இதுவரை எழுதியதைக் கையெழுத்துக்காக நீட்டினேன். அவர் ஏசவில்லை. “புள்ளைக்காக நீங்க அனுப்புங்க ஐயா, வேணாங்கல. ஆனா நீங்க எழுதுன தாள்ல நான் கையெழுத்துப் போடமாட்டேன்லா” என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ஆதலால் என் ஒரு கையெழுத்தோடு அனுப்புகிறேன்.

தங்கள் உத்தரவுக்குக் காத்திருக்கும்,
மு. நடராஜா

இடம்: வெள்ளையாறு தோட்டம்
நாள்: 6.3.1986