செவ்வந்தியின் இரத்த அறிக்கை

தெமோதரை
14.3.1974

அன்புள்ள தம்பையா மச்சானுக்கு,

நீங்கள் மண்டபம் முகாமை விட்டுப் புறப்படுமுன் இக்கடிதம் சேர வேண்டும். இங்கே தோட்டத்து லயத்தில் எல்லாரும் சுகம். உங்கள் காம்பிராவுக்கு இன்னும் யாரும் குடிவரவில்லை. அந்தப் பக்கம் நான் போவதில்லை.

குழந்தை செவ்வந்தியின் இரத்த அறிக்கை வந்துவிட்டது. சனிக்கிழமையே வந்திருக்கிறது. நீங்கள் இந்தியாவுக்கு ரயிலேறியது ஞாயிறு. தோட்டப் பதிவில் உங்கள் பெயரை வெட்டியாகிவிட்டதால், திருப்பி அனுப்பும் கடிதங்களோடு கிளாக்கர் அதையும் போட்டுவிட்டார். செவ்வாய்க்கிழமைதான் என் கைக்குக் கிடைத்தது.

நானே வாசித்தேன். வெள்ளை அணுக்கள் அறுபத்திரண்டாயிரம். பேராதனைப் பல்கலைக்கழகப் படிப்பு இதற்கு உதவவில்லை. நிறைய இருந்தால் நல்லதுதானே என்று ஒரு கணம் சந்தோஷம்கூடப் பட்டேன். அந்த ஒரு கணத்தை நினைத்தால் இப்போது கூசுகிறது.

நேற்றுப் பாடசாலைக்கு லீவு போட்டுவிட்டுப் பதுளை ஆஸ்பத்திரிக்குப் போனேன். டாக்டர் பொறுமையாகச் சொன்னார். பிள்ளைகளுக்குப் பத்தாயிரம் அளவில் இருந்தால் போதுமாம். காய்ச்சல், சளி, வயிற்றுப் பூச்சி எதற்கும் கூடும். எண்ணிக்கையை மட்டும் வைத்து நோயின் பெயரைச் சொல்ல முடியாதாம். எந்த வகை கூடியிருக்கிறது என்று பார்க்க வேண்டும். இரண்டாவது வரியில் விரலை வைத்தார். முதிராத அணுக்கள். அவை இரத்தத்தில் வரக் கூடாதாம்.

பெயர் என்ன என்று கேட்டேன். மறுபடி சோதிக்காமல் சொல்ல மாட்டேன் என்றார்.

பிறகு, உடம்பில் எங்காவது கன்றியிருந்ததா என்று கேட்டார்.

மச்சான், நீங்கள் புறப்படுமுன் அந்த மூன்று நாளும் லயத்தில் யார் மடியில்தான் அவள் இருக்கவில்லை? ஸ்டேஷனில் அவள் கைகளைப் பார்த்து அக்கா சத்தம் போட்டாள்: "ஆளாளுக்கு இறுக்கிப் புடிச்சுக் கொஞ்சுனீங்க, பாருங்க, புள்ளைக்கு மேலெல்லாம் கன்னிப்போச்சு!" அதற்கு ராசம்மா, "இருக்கட்டும்டி. பாஸ்போட்டுல கவருமெண்டு சீலு. புள்ளையில நாங்க குத்துன சீலு" என்றாள். எல்லாரும் சிரித்தோம். நீங்களும்.

இதை டாக்டரிடம் அப்படியே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. அறிக்கையை மறுபடியும் முதலிலிருந்து வாசித்தார்.

தந்தி அடித்திருக்கிறேன். அதில் "குழந்தையை உடனே ஆஸ்பத்திரியில் காட்டவும்" என்பதற்கு மேல் எழுத வரவில்லை. அறிக்கையின் அசல் இதோடு இருக்கிறது. பிரதி ஒன்றை, உங்கள் பாட்டனார் ஊர் என்று பாஸ்போட்டில் உள்ள துறையூருக்கும் அனுப்பினேன். அங்கே உங்களை யாருக்குத் தெரியும் என்பது வேறு விஷயம்.

முகாமில் டானிக் கொடுத்துச் சமாளிக்கப் பார்ப்பார்கள். வாங்கிக்கொண்டு திரும்பாதீர்கள். மதுரைப் பெரியாஸ்பத்திரிக்குப் போங்கள். வேலை, வீடு, நிலம் என்று எதைக் காட்டி எங்கே ஏற்றினாலும் ஏறாதீர்கள். முதலில் மதுரை. அக்காவிடம் எவ்வளவு சொல்வது என்பதை உங்களிடமே விட்டுவிடுகிறேன்.

இன்று காலை ராசம்மாவைக் கேட்டேன். மற்றவர்களையும் கேட்டேன். என் கைகளையும் பார்த்துக்கொண்டேன்.

நாங்கள் யாரும் அவளை அவ்வளவு இறுக்கிப் பிடிக்கவில்லை, மச்சான்.

அவளைத் தூக்கும்போது மெதுவாகத் தூக்குங்கள்.

அவளுடைய மாமன்,
அழகர்