மூன்றாவதாக அனுப்பிய சனல்

ஒக்டோபர் 6, ஞாயிறு

இன்றைக்கும் முன்ஸிப்போடு போனில் பேசினேன். பேசினேன் என்று எழுதுவதே பொய். "சாப்பிட்டீங்களா" என்றார். "ம்" என்றேன். "பதுளைல மழையா" என்றார். "ம்". அதற்குப் பிறகு ஆளுக்காள் மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தோம். கடைசியில் அவர் மறுபடியும் "சாப்பிட்டீங்களா" என்றார்.

அவருக்கு மொனராகலையில் கடை. தண்ணீர்ப் பம்பு, மருந்தடிக்கிற மெஷின், அவற்றின் உதிரிப்பாகங்கள். போன மாதம் அவருடைய உம்மா வந்து என்னைப் பெண் பார்த்துவிட்டுப் போனார். அவர்களுக்குப் பிடித்திருக்கிறதாம். இனி நான்தான் சொல்லவேண்டும். நவம்பர் முடிவதற்குள் சொல் என்று எனக்கு மூத்தவரான அஸ்ஹர் நானா சொல்லியிருக்கிறார். வாப்பா மௌத்தான பிறகு வீட்டுக்கும் எங்கள் புடவைக்கடைக்கும் நானாதான் பெரியவர்.

சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேட்கிற மனிதரை எப்படி அறிந்துகொள்வது? சரி, ம் என்று மட்டும் சொன்னது நான்.

அதனால் ஒரு செய்தி அனுப்பிவிட்டேன். "எனக்குப் பேச வருதில்ல. நீங்க விடாமப் பாக்கிற வீடியோக்காரர் மூணு பேர்ட பேரச் செல்லுங்க, நானும் செல்றேன். ஒரு நாள் நல்லாச் செஞ்சிட்டு மறுநாள் ஏமாத்துறவங்க வேணாம். எப்ப திறந்தாலும் நம்பி உக்காரக் கூடியவங்களா ஈக்கணும்."

உடனே பதில் வந்தது. "இது நல்லம்."

ஒக்டோபர் 7, திங்கள்

என்னுடைய மூன்று பேரை அனுப்பினேன்.

முதலாவது, மட்டக்களப்பில் மீன் வெட்டுகிற ஓர் அண்ணன். ஒரு வீடியோவுக்கு ஒரு மீன். எப்படிப் பார்த்து வாங்குவது, எங்கே கத்தி வைப்பது, எதைப் பொரிக்கக்கூடாது, அவ்வளவுதான். ஒருமுறை கமெராவைப் போட்டுவிட்டு, "இண்டைக்கு மீன் சரியில்ல, நாளைக்கு வாரன்" என்று நிறுத்திவிட்டார். அன்றிலிருந்து அவரை நம்புகிறேன்.

இரண்டாவது, திருச்சியில் ஓர் அக்கா. எந்த டவுன் பஸ் வந்தாலும் ஏறுவார், கடைசி நிறுத்தத்தில் இறங்குவார், அங்கே இருக்கிறவர்களோடு கதைத்துவிட்டு அதே பஸ்ஸில் திரும்புவார். வாய் ஓயாது. நான் சோறு உண்ணும்போது அவர் பக்கத்தில் இருந்தாகவேண்டும்.

மூன்றாவது, 'சாயம்' என்று ஒரு யூடியூப் சனல். முகம் தெரியாது, இரண்டு கை மட்டும். ஒரு துணியை எடுத்துக் கசக்கி, கழுவி, வெயிலில் போட்டு, வெளுக்கிறதா சுருங்குகிறதா என்று காட்டுகிற ஒரு பெண்.

அந்தக் கை என்னுடையது என்று அவருக்கு எழுதவில்லை. கடையின் மேல்மாடியில் சரக்கு அடுக்குகிற அறையில் எடுக்கிறேன் என்பதும், வேலைக்கு வருகிற ஜீவா அக்காதான் போனைப் பிடிக்கிறாள் என்பதும் வீட்டில்கூட யாருக்கும் தெரியாது. பின் ஏன் அனுப்பினேன்? அவர் என்ன சொல்வார் என்று பார்க்கத்தான். வேறென்ன.

ஒக்டோபர் 8, செவ்வாய்

அவருடைய மூன்று பேர் வந்துவிட்டார்கள்.

பழைய தண்ணீர்ப் பம்புகளைக் கழற்றிப் பூட்டும் ஓர் ஆள். ஒரு சிங்களச் சொல்லை எடுத்து அது எங்கிருந்து வந்தது என்று சொல்லும் ஒரு டீச்சர். மூன்றாவது, ஏதோ ஒரு குளம். அதன் கரையில் கமெராவை வைத்துவிட்டுப் போய்விடுகிறார் யாரோ. கொக்கு வரும், நிற்கும், போகும். பேச்சு இல்லை, பாட்டு இல்லை. ஒவ்வொன்றும் அரை மணி.

ஜீவா அக்காவுக்குக் காட்டினேன். ஜீவராணி என்பது முழுப் பெயர். தேயிலைத் தோட்டத்து லய வீட்டிலிருந்து காலை பஸ்ஸில் வந்து எங்கள் கடையில் துணி வெட்டுகிறாள். கொஞ்சநேரம் கொக்கையே பார்த்தாள்.

"இது எப்ப புள்ள பறக்கும்?"

"தெரியாது அக்கா."

"யோசிச்சுக்க. இவரு கொளத்தையே இப்படிப் பாக்குறாருன்னா வீட்டுல வாயத் தொறக்கவே மாட்டாரு."

ஒக்டோபர் 14, திங்கள்

ஒரு வாரமாகப் பார்த்துவிட்டு இன்றைக்கு எழுதியிருக்கிறார். மீன் அண்ணன் பிரமாதமாம். அவரைப் பார்த்துவிட்டு சந்தையில் பாரை மீனின் செவுளைத் தூக்கிப் பார்த்து வியாபாரியிடம் ஏச்சு வாங்கினாராம். பஸ் அக்கா அதிகம் கதைக்கிறார், ஆனால் இரண்டு இடத்தில் இவரே சத்தமாகச் சிரித்துவிட்டாராம். கடைக்கு வந்தவர் திரும்பிப் பார்த்தாராம்.

பிறகு என்னுடையது. அப்படியே எழுதுகிறேன்.

"இந்தப் பிள்ளை உண்மை செல்லுது. ஆனா நீங்க வெச்ச சட்டத்துக்கு இது சரி வராது. ரெண்டு கிழமைக்கு ஒண்டு, பொறகு ரெண்டு மாசம் ஒண்டுமே இல்ல. சத்தமும் சரியில்ல, கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரி. இன்னொண்டு, ஒவ்வொரு வீடியோவும் படக்கெண்டு முடியுது. யாரோ படியேறி வாரதக் கேட்டுப் பயந்து நிப்பாட்டுற மாதிரி."

கெணத்துக்குள்ள இருந்தாம். இவர்ட பம்புக்காரர் மட்டும் எனத்த, ரேடியோவிலயா பேசுறார்? அந்த மெஷின் சத்தத்தில காது கிழியுது.

பதிலே போடமாட்டேன்.

ஒக்டோபர் 15, செவ்வாய்

ஆனால் படியேறி வருகிற சத்தத்தை எப்படிக் கண்டுபிடித்தார்? அது நானாவின் செருப்புச் சத்தம். எத்தனையோ பேர் பார்த்திருக்கிறார்கள், ஒருவர்கூட அதைக் கவனித்ததில்லை.

ஒக்டோபர் 20, ஞாயிறு

குளத்தில் குற்றம் கண்டுபிடிக்கலாம் என்று உட்கார்ந்தேன். முதல் தடவை தூங்கிப்போனேன். மறுபடியும் போட்டேன். ஒரு சின்ன நீலப் பறவை கம்பில் இருந்தது. இருந்தது, இருந்தது, திடீரென்று தண்ணீருக்குள் விழுந்து வெறும் வாயோடு எழும்பி வந்தது. திரும்பவும் அதே கம்பு. அன்றைக்கு அதற்கு ஒன்றும் கிடைக்கவில்லை. வீடியோ போட்டவர் கிடைத்த நாளை மட்டும் தெரிந்தெடுத்துப் போட்டிருக்கலாம், போடவில்லை.

உம்மா தேத்தண்ணியைக் கொண்டுவந்து வைத்துவிட்டு அவரும் பார்த்துக்கொண்டு நின்றார். "பாவம், பசியோட ஈக்கிது போல" என்றார்.

அவருக்கு எழுதினேன்: "குளம் ஏமாத்தல்ல."

"எனக்குத் தெரியும்" என்று வந்தது. கொஞ்சம் கர்வம்தான் இவருக்கு. பரவாயில்லை.

ஒக்டோபர் 28, திங்கள்

தீபாவளி வியாபாரம். கால் வீங்கிவிட்டது. தோட்டங்களிலிருந்து குடும்பம் குடும்பமாக வருகிறார்கள். இதற்குள் முன்ஸிப்பின் செய்தி: திருச்சி அக்கா சுடுகாட்டு நிறுத்தத்தில் இறங்கிவிட்டாராம், உடனே பார்க்கவேண்டுமாம். சேலைக் கட்டுகளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஜீவா அக்கா என்னை மறைத்துக்கொண்டு நின்றாள்.

இப்போதெல்லாம் போனிலும் கதை வருகிறது. நேற்று உம்மா வந்து சோறு ஆறுகிறது என்று கூப்பிடுமளவுக்கு.

நவம்பர் 9, சனி

எல்லாம் போச்சு.

ஹாலிஎலைப் பக்கமிருந்து ஒரு பெண் கடைக்கு வந்தார். நானாவிடம் மெரூன் ரேயான் கேட்டார். நானா எடுத்துப் போட்டார். அவர் துணியைக் கையில் தேய்த்துப் பார்த்துவிட்டு, "இது அந்த வீடியோவுல வெளுத்துச்சே, அதே துணிதானுங்களே?" என்றார். எந்த வீடியோ என்று நானா கேட்க, போனைத் திறந்து நானாவின் முகத்துக்கு நேரே பிடித்தார். என் குரல் கடை முழுதும் கேட்டது. "இந்த மெரூன வாங்கினா மத்த உடுப்போட சேத்துக் கழுவ வேணாம்." திரையில் வாளித் தண்ணீர் பீட்ரூட் அவித்த தண்ணீர் மாதிரி.

ஜீவா அக்கா அளவு நாடாவைக் கழுத்திலிருந்து எடுத்துத் திரும்பவும் கழுத்தில் போட்டாள்.

அந்தப் பெண் போகும்வரை நானா சிரித்தபடி நின்றார். பிறகு என்னை மேலே கூப்பிட்டார்.

"எங்கட கடைத் துணிய வெளுக்குதெண்டு நீயே ஊருக்கெல்லாம் செல்றியா?"

"வெளுக்கிறதத்தானே வெளுக்குதெண்டு சென்ன. கடைட பேர நான் செல்லல்லயே நானா."

"கடைய விடு. நாளைக்கு மொனராகலைக்குத் தெரிஞ்சா? பொண்ணு வீடியோ போடுதெண்டு அவங்க திரும்பிப் பாக்காமப் போனா, உம்மாட முகத்த நான் எப்படிப் பாக்கிற?"

அதைச் சொல்லும்போது நானாவின் குரல் ஏறவில்லை, இறங்கியது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. கத்தியிருந்தால் நானும் கத்தியிருப்பேன்.

சனலை அழித்துவிடு என்றார். வீட்டில் உம்மா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றுதான் சொன்னார். "அழிக்கிறதெண்டா அழிக்கட்டும். அதுக்கு முதல் அந்தப் பையனுக்கு அவளே செல்லட்டும். மறைச்சுக் கட்டிக் குடுக்க ஏலாது."

நவம்பர் 10, ஞாயிறு

பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு முன்ஸிப்புக்குப் போன் எடுத்தேன்.

"மூணாவதா ஒரு சனல் அனுப்பினேனே. சாயம்."

"ஓ."

"அது நான்."

பழைய மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு, "கடைக்கு ஆள் வந்தீக்கி, பொறகு எடுக்கிறேன்" என்றார்.

எடுக்கவில்லை.

நவம்பர் 11, திங்கள்

எடுக்கவில்லை.

நவம்பர் 13, புதன்

நேற்றிலிருந்து மழை கொட்டுகிறது. பசறைப் பக்கம் பாதையில் மண் சரிந்து மொனராகலை பஸ் ஓடவில்லையாம். அங்கே கரண்டும் இல்லையாம், போனும் சரியாக எடுபடவில்லையாம். நல்ல சாட்டு. ஆனால் திங்கள் முழுக்க எல்லாம் எடுபட்டதே?

எனக்கே விளங்கவில்லை, அவர் வேண்டாம் என்பதா கவலை, சனல் போவதா கவலை. இரண்டையும் தராசில் வைத்துப் பார்த்தேன். தட்டு ஒரு பக்கமும் சாயவில்லை.

ஜீவா அக்கா சொல்கிறாள், "அழிக்காத புள்ள. அவரு வந்தாலும் வராட்டியும் அந்தத் துணி வெளுக்கத்தானே போகுது."

அழிக்கவில்லை. நானா கேட்கவும் இல்லை. மெரூன் ரேயானை மட்டும் மேல் தட்டுக்கு ஏற்றிவிட்டார்.

நவம்பர் 17, ஞாயிறு

ஒழுங்காக எழுதவேண்டும்.

பாதை திறந்ததும் முதல் பஸ்ஸில் வந்திருக்கிறார்கள் போல. நான் ஒரு வாடிக்கையாளருக்குக் கொட்டன் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் கடை வாசலில் குடையை மடக்கிக்கொண்டு முன்ஸிப், பக்கத்தில் மாமி, அவருடைய உம்மா. நானா எழும்பி நின்றார். நாற்காலியை இழுத்தார். இன்னொரு நாற்காலியையும் இழுத்தார்.

மாமி உட்காரவில்லை. நேரே வந்து என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இந்தக் கைதான்" என்றார் மகனிடம். பிறகு நானாவைப் பார்த்து, "எங்கட பக்கத்து வெயிலுக்கு எந்தத் துணியும் தாங்கிறல்ல தம்பி. போன மாசம் இவன்தான் சென்னான், உம்மா, ஒரு பிள்ள ஈக்கிது, உண்மைய மட்டும் செல்லுது, அதப் பாத்துத் துணி எடுங்க எண்டு. ஜன்னல் திரை தைச்சுப் போட்டேன். இன்னம் நிறம் மாறல்ல. எங்கட தெருவில பாதிப் பேருக்கு நான்தான் அனுப்பி வெச்சேன். இப்ப பாத்தா அது நம்மட பிள்ள."

நானா நாற்காலியை இன்னும் கிட்டத் தள்ளினார். "தேத்தண்ணி குடிப்பீங்களா மாமி" என்றார்.

முன்ஸிப் சாம்பல் நிறக் கொட்டன் கட்டு ஒன்றைக் கையால் தடவிக்கொண்டு நின்றார். போய்க் கேட்டேன், ஏன் எடுக்கவில்லை என்று.

"கெணத்துக்குள்ள இருந்து பேசுற மாதிரியெண்டு எழுதினது ஞாபகம் வந்திச்சு. வெக்கமாப் போச்சு. எனத்தச் செல்றதெண்டு ரெண்டு நாளா எழுதி எழுதி அழிச்சேன். பொறகு கரண்ட் போய்ட்டு."

"நெசமாவே அப்படித்தான் கேக்குதா?"

கொஞ்சம் யோசித்தார். பொய் சொல்லலாமா என்று யோசித்தார், எனக்குத் தெரிந்தது.

"ஓ. அப்படித்தான் கேக்குது. துணிக் கட்டுகளுக்கு நடுவுல இருந்து எடுத்துப் பாருங்க. எதிரொலிக்காது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடைக்குள் அப்படிச் சிரிக்கக்கூடாது. நானா பார்த்தார். மாமிக்கு இன்னொரு தேத்தண்ணி ஊற்றினார்.

அவர்கள் போன பிறகு உம்மாவிடம் சொன்னேன், கலியாணத்துக்குச் சரி என்று. நவம்பர் முடிய இன்னும் நாளிருக்கிறதே என்றார் உம்மா, சிரித்துக்கொண்டு.

டிசம்பர் 1, ஞாயிறு

துணிக் கட்டுகளுக்கு நடுவில் இருந்து எடுத்தோம். ஜீவா அக்கா காதில் வைத்துக் கேட்டுவிட்டு, "மனுசப் புள்ள பேசுற மாதிரி இருக்கு" என்றாள்.

ஏப்ரல் 27, ஞாயிறு

கலியாணமாகி வந்த மொனராகலையில் இந்த வெயிலுக்கு எழுதினால்கூட வியர்த்துப் பேனா வழுக்குகிறது. காலையில் முன்ஸிப் கடைக்குப் போகும்முன் மாடித் துணிக்கொடியை இறுக்கிக் கட்டிவிட்டுப் போனார். மாமி புதிதாக ஒரு வீடியோக்காரரைக் கண்டுபிடித்திருக்கிறார், தேன் எடுக்கிற ஒரு பெண். பின்னேரம் எல்லோரும் சேர்ந்து பார்க்கவேண்டுமாம், நல்லமா இல்லையா என்று நான்தான் சொல்லவேண்டுமாம்.

பதுளை பஸ்ஸில் ஒரு பார்சல் வந்தது. நானா அனுப்பியது. கறுப்பு, கரும்பச்சை, ஒரு மாம்பழ மஞ்சள், ஒவ்வொன்றிலும் ஒரு முழத்துண்டு. மேலே ஒரு சின்னத் தாள்: "புதுச் சரக்கு. விக்க முதல் கழுவிப் பாத்துச் செல்லு. சரியில்லாட்டித் திருப்பி அனுப்புவேன்."

மஞ்சளை முதலில் வாளியில் ஊறப்போட்டிருக்கிறேன். இப்போதுதான் போய்ப் பார்த்துவிட்டு வந்தேன். தண்ணீர் இன்னும் தெளிவாகத்தான் இருக்கிறது.