துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்த குதிரைக்காரர்கள்

ஐப்பசி 4, திங்கள்
விடிந்ததிலிருந்து தூறல். துணி காயவில்லை. இடுப்பில் கம்பி வைத்த இடம் குத்துகிறது. சன்னலில் தெரிவது பக்கத்து வீட்டுச் சுவரும் ஒரு பல்லியும்.

வாக்கர் மூலையில். அதைப் பிடித்து நடக்கச் சொன்னார் டாக்டர். குளியலறை வீட்டுக்கு வெளியே, வாசல் ஓரத்தில் இருக்கிறது. தள்ளிக்கொண்டு போனால் எதிர் வீட்டுப் பொன்னம்மா பார்ப்பாள். தக்காளிக் கூடையைத் தலையில் வைத்துக் கடத்தூர் சந்தைக்குக் கை வீசி நடந்தவள் நான். வாசல் கதவைச் சாத்தியே வைக்கச் சொல்லிவிட்டேன். பேத்தி நிவேதா தோளைப் பிடித்துத்தான் போகிறேன். அதனால் அவளுக்குக் காலேஜ் இல்லை. மருமகளுக்குக் கம்பெனியில் லீவு இல்லை.

ஐப்பசி 5, செவ்வாய்
மழை. வெள்ளிக்கிழமை நிவேதாவுக்கு செமினார். வகுப்பு முன்னால் நின்று பேசணும். மார்க் உண்டு. விட்டால் மறுபடி கிடையாதாம். பேசப் போவதைச் சத்தமாகப் படித்துப் பார்த்தாள்.

துருக்கி சுல்தான் படை. ஒட்டோமான் என்று பெயர். காலாட்கள் துப்பாக்கி பழகினார்கள். பீரங்கியால் பெரிய மதிலை உடைத்தார்கள். (உள்ளே இருந்தவர்கள் எங்கே ஓடியிருப்பார்கள்?) ஒரு மந்திரி குதிரைக்காரர்கள் சிலருக்கும் துப்பாக்கி கொடுத்தாராம். சுடச் சுடக் கையெல்லாம் கரி, துணியெல்லாம் கரி. இடுப்பில் பை தொங்க, ஊர் ஊராய்ப் போகும் வைத்தியன் மாதிரி இருக்கிறது என்று மற்றவர்கள் கேலி. துப்பாக்கி வேண்டாம், எங்கள் வில்லையே கொடுங்கள் என்று குதிரைக்காரர்கள் கேட்டுவிட்டார்கள்.

“சரியாத்தான் செஞ்சிருக்காங்க,” என்றேன்.

“நீ அப்படித்தான் சொல்லுவ ஆயா.” மூலையைப் பார்த்தாள்.

“அப்பறம் என்ன ஆனாங்க?”

“வில்லோடயே சுத்துனாங்க. போகப் போக மவுசெல்லாம் துப்பாக்கிக்காரங்களுக்குப் போயிருச்சு.”



ஐப்பசி 7, வியாழன்
அடுப்படியில் தாயும் மகளும். நான் தூங்குவதாக நினைப்பு.

“நாளைக்கு ஒரு நாளு லீவு போடும்மா.”

“போட்டா வேலைய வுட்டே நிறுத்திருவாங்க. உங்காயா அந்த வாக்கரத் தொட்டாத்தான?”

“தொடாது. பொன்னம்மா ஆயா சிரிக்குமாம்.”

“அப்ப செமினார வுடு.”

பேத்தி மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

இந்த வீட்டில் காலேஜ் வாசல் மிதித்தது அவள் ஒருத்தி. அதை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தது நான்.

ஐப்பசி 8, வெள்ளி
வெயில்.

“கெளம்பு. பஸ்சு போயிரும்.”

“நீ?”

“மூலைல நிக்குதே, அது எதுக்கு?”

போனாள். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே.

உச்சிப் பொழுதுக்கு முன் குளியலறைக்குப் போக வேண்டி வந்தது. தள்ளினேன். நிலைப்படியில் வாக்கரின் முன்கால்கள் வெளியே, பின்கால்கள் உள்ளே. முன்னாலும் போக முடியவில்லை, பின்னாலும் வர முடியவில்லை. தெரு முழுக்க வெளிச்சம். எதிரில் பொன்னம்மா, முருங்கைக்கீரை ஆய்ந்தபடி.

“என்னக்கா, புது வண்டியா?” பொக்கை வாய் முழுக்கச் சிரிப்பு.

“ஆமா. நீயும் ஏறிக்கிறயா?”

உதவிக்கு எழுந்தாள். முடியவில்லை. முட்டியைப் பிடித்துக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள். அங்கிருந்தே கத்தல்: “தூக்கி வையிக்கா! பயப்படாத! இன்னொரு அடி!”

தூக்கி வைத்தேன். போய் வந்தேன்.

சாயந்திரம் நிவேதா வந்தாள். வாயெல்லாம் பல். நன்றாகப் பேசினாளாம். “திங்கக்கெழமையிலேர்ந்து தெனமும் போவட்டுமா ஆயா?”

“போ,” என்றேன்.

அப்புறம்தான் உறைத்தது. இனி தினமும் பகல் முழுக்க நான், சுவர், பல்லி.

வாசல் கதவைச் சாத்தாமல் போகச் சொல்லியிருக்கிறேன். பொன்னம்மாவாவது தெரிவாள்.